சென்சாருக்கு ஓட்டை தேடிய கதை

எங்கள் பக்கத்தில் ஒருத்தனுக்குப் புத்தி பிசகினால் 'மரை கழண்டுபோச்சு' என்பார்கள். எங்கள் நாலு பேரை மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கழலுவதற்கு முதலில் மரை என்று ஒன்று இருந்திருக்க வேண்டுமே என்பார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் வண்டிக்குச் சென்சார் மாட்டின விஷயத்தில் நடந்தது ஒன்று, ஊர் பேசுவது ஒன்று. உங்களுக்கும் இப்போது அவசரமாகப் போக வழியில்லை என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் சேலத்துக்குப் பக்கத்தில் பந்தல், பாத்திரம், ஜமுக்காளம் வாடகைக்கு விடுகிறவர்கள். மூத்தவர் அர்த்தநாரி அண்ணன். யோசிக்கிற வேலை முழுக்க அவருடையது. தீர்த்தகிரி வேன் ஓட்டுவான். பொங்கியண்ணன் பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பான். நான் சென்னியப்பன். நாலு பேரில் நான்தான் விவரமானவன் என்று மற்ற மூன்று பேரும் சொல்வார்கள். அதிலிருந்தே அந்த மூன்று பேரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

பொங்கியண்ணனுக்கு நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டுக்காரர்கள் வருவார்கள், அவனைப் பார்ப்பார்கள், பிடித்துப்போகும். அப்புறம் எங்கள் மூன்று பேரைப் பார்ப்பார்கள், ஜாதகம் சேரவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவன் ஒரு நாளும் எங்களைக் குறை சொன்னதில்லை. ராத்திரி அண்டாவுக்குள் தலையை விட்டு அழுவான், அவ்வளவுதான். அண்டா எதிரொலிப்பதால் தெருவுக்கே கேட்கும்.

கடைசியில் ஏற்காட்டு மலைமேல் ஒரு இடம் அமைந்தது. பெண் பெயர் இந்திராணி, தையல் கடை வைத்திருப்பவள். பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பி கொடுத்தார்கள். பொங்கியண்ணன் குடித்து முடித்ததும் பழக்க தோஷத்தில் எழுந்துபோய் எல்லார் டம்ளரையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அதைப் பார்த்த இடத்திலேயே இந்திராணி சரி என்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய அப்பா மாதையன் அவ்வளவு சுலபமான ஆள் இல்லை. எஸ்டேட் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்களை வழியனுப்ப வந்தவர் வேனுக்குள் தலையை நீட்டி, என்ஜின் சூட்டைக் காட்டுகிற மீட்டரைப் பார்த்தார். கீழே நீலம், நடுவில் பச்சை, மேலே சிவப்பு. முள் நீலத்துக்கும் கீழே செத்துக் கிடந்தது.

"இது எத்தனை நாளா இப்படிக் கெடக்குது?" என்றார்.

"நாங்க வாங்கினதுலருந்தே அமைதியான முள்ளுங்க," என்றான் தீர்த்தகிரி.

மாதையன் பொங்கியண்ணன் பக்கம் திரும்பினார். "மாப்ள, எனக்கு நகை நட்டு ஒண்ணும் வேண்டாம். இந்த முள்ளு உசுரோட இருக்கோணும். கல்யாணத்தன்னைக்கு வண்டி வந்து நின்னதும் நானே வந்து பாப்பேன். முள்ளு சிவப்புல இருந்துச்சுன்னா தாலி கட்ட வேண்டாம், காப்பி குடிச்சுட்டு எறங்கிக்கோங்க. மலையில வண்டியக் கொல்றவன் எம்பொண்ணை என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியும்."

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. முள் சிவப்பைத் தொட்டால் கல்யாணம் இல்லை. பொங்கியண்ணனுக்கு வழி நெடுக அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்டாவும் அன்றைக்கு வண்டியில் இல்லை, பாவம்.

மறுநாளே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் கவுஸ் பாயிடம் போனோம். என்ஜின் தண்ணீர் சூட்டை மீட்டருக்குச் சொல்கிற சென்சார் போய்விட்டது என்று அவர் உட்கார்ந்த இடத்திலேயே சொன்னார். "புதுசு தரலாம். ஆனா வண்டி பேரை மட்டும் சொன்னாப் பத்தாது. பழசைக் கழட்டிக் கொண்டாங்க. தண்டோட கனம் பாக்கணும், மரைக்கு மரை எடவெளி பாக்கணும், நேர் மரையா கூம்பு மரையான்னு பாக்கணும். மூணும் ஒத்துப்போனாத்தான் ஓட்டையில உக்காரும்," என்றார்.

வீட்டுக்கு வந்து வேனைச் சுற்றி நின்றோம். அர்த்தநாரி அண்ணன் யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசிக்கும்போது நாங்கள் பேச மாட்டோம், கேட்டால் மட்டும் பதில் சொல்வோம்.

"பழசைக் கழட்டினா என்ன ஆகும்?"

"அந்த ஓட்டை வழியாத் தண்ணி கொட்டும்," என்றான் தீர்த்தகிரி.

"கொட்டினா?"

"வண்டி சூடாகும்."

"சூடானா?"

"முள்ளு சிவப்புக்குப் போகும்," என்றேன் நான்.

"போனா?"

பொங்கியண்ணன் எழுந்து அண்டா இருக்கும் பக்கம் நடந்தான். அவனைப் பிடித்து உட்காரவைத்தோம். பழசைக் கழற்றுவது ஆபத்து என்று முடிவாயிற்று.

"பாய் பழசைக் கொண்டாங்கன்னுதான் சொன்னாரு," என்றார் அர்த்தநாரி அண்ணன். "எந்தப் பழசுன்னு சொல்லலை. தண்ணி இருக்கற எடத்துல மரை போட்டுத் திருகி வச்ச பழசு ஒண்ணு வேணும். அவ்வளவுதானே?"

எங்களிடம் அப்படி ஒன்று இருந்தது. பந்தியில் தண்ணீர் வைக்கிற எவர்சில்வர் டிரம்மின் குழாய். அண்ணனுடைய அப்பா காலத்தில் வாங்கியது, எங்களிடம் அதைவிடப் பழசு எதுவும் கிடையாது. டிரம் காலியாக இருந்ததால் கழற்றியபோது ஒரு சொட்டு கூடக் கொட்டவில்லை. ஆபத்தில்லாமல் வேலையை முடித்த சந்தோஷத்தில் நானே அதைக் கடைக்கு எடுத்துப் போனேன்.

கவுஸ் பாய் அதைக் கையில் வைத்து உருட்டினார். "இது என்னங்க, குழாய் மாதிரி இருக்கு?"

"நீங்க மரையை மட்டும் பாருங்க பாய். மத்ததைப் பாக்க நாங்க நாலு பேர் இருக்கோம்," என்றேன்.

அவர் நல்ல மனுஷர், மரையை மட்டும் பார்த்தார். சீப்பு மாதிரிப் பல் வைத்த தகடுகளை ஒவ்வொன்றாக வைத்து அளந்தார். அரை இஞ்சுக் குழாய் மரை என்றார். வேனுக்கு இவ்வளவு தடியாக வராதே என்று முனகிவிட்டு, உள்ளே போய்ப் பழைய ஜெனரேட்டர் எதற்கோ வந்த ஒரு சென்சாரைத் தேடி எடுத்து வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்துக் காட்டினார். ஒன்றின் பள்ளத்தில் மற்றதன் மேடு அலுங்காமல் உட்கார்ந்தது.

"மரை பொருந்திருச்சு. மாட்டறப்ப கையாலயே திருகுங்க, தானா உள்ள போகோணும். போகலேன்னா கட்டாயப்படுத்தாதீங்க. மரை செத்துப்போச்சுன்னா அப்பறம் அது எதுக்கும் ஆகாது. இன்னொண்ணு, முனை வண்டித் தண்ணியில நனைஞ்சிருக்கணும். அப்பத்தான் முள்ளு நெசம் பேசும்."

இதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தேன். எல்லாரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

என்ஜினில் ஓட்டை சுண்டுவிரல் கனம். அதிலும் பழைய சென்சார் உட்கார்ந்துகொண்டிருந்தது. புதுசு கட்டைவிரலைவிடத் தடியாக இருந்தது. தீர்த்தகிரி அதைப் பழசின் தலைமேல் வைத்துக் கையால் திருகினான். தானாக உள்ளே போகவில்லை. கட்டாயப்படுத்தக் கூடாது என்பதால் கையை எடுத்துவிட்டு எல்லோரும் காத்திருந்தோம்.

"நாம மொறைச்சுப் பாத்துக்கிட்டே நின்னா அது எப்படிப் போகும்? கூச்சமா இருக்காதா?" என்றான் பொங்கியண்ணன்.

நியாயமாகப் பட்டது. எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் 'ணங்' என்று சத்தம் கேட்டது. போய்விட்டது என்று திரும்பிப் பார்த்தால் சென்சார் தரையில் கிடந்தது. உடனே கவுஸ் பாய்க்கு போன் போட்டோம்.

"அப்ப மரை சேரலைன்னு அர்த்தம்," என்றார் அவர், கடையில் கூட்டம் போல. "மரை எதுல சேருதோ அதுலதான் மாட்ட முடியும். வேற வழியே இல்லை." வைத்துவிட்டார்.

அர்த்தநாரி அண்ணன் முகம் தெளிந்தது. "பாத்தீங்களா, நாம தப்பான பக்கமா யோசிச்சுட்டோம். ஓட்டைக்குச் சென்சார் தேடினோம். சென்சாருக்குத்தான் ஓட்டை தேடணும்."

அன்றைக்கு வீட்டில் இருந்த எல்லா ஓட்டையிலும் வைத்துப் பார்த்தோம். பந்தல் பைப்பில் தொளதொளவென்று ஆடியது. கேஸ் சிலிண்டர் வாயில் வைக்கப் போனபோது தீர்த்தகிரியின் மனைவி விளக்குமாற்றோடு வந்ததால் அந்த ஆராய்ச்சி பாதியில் நின்றது. அப்போது பொங்கியண்ணன் ஒரு மூலையிலிருந்து கூப்பிட்டான். எவர்சில்வர் டிரம்மின் அடியில் ஒரு ஓட்டை இருந்தது. அவன் சென்சாரை அதில் வைத்து ரெண்டு விரலால் திருக, கட்டாயமே இல்லாமல் தானாக உள்ளே போய் உட்கார்ந்தது.

எங்கள் டிரம்முக்கும் அந்தச் சென்சாருக்கும் இப்படி ஒரு பொருத்தம் எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் வியந்தோம். டிரம்மில் அந்த இடத்தில் முன்னே ஏதோ இருந்ததே என்று எனக்கு மட்டும் ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சாப்பிட்டு வந்து மீதி வேலையைப் பார்த்தோம். டிரம்மை வேனில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஏற்றினோம். மீட்டரிலிருந்து சென்சார் வரைக்கும் வயர் எட்டவில்லை. கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற சீரியல் பல்பு வயரை ஒட்டுப் போட்டு இழுத்துவிட்டோம். முனை வண்டித் தண்ணியில் நனைய வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார் அல்லவா? ரேடியேட்டர் தண்ணீரைப் பிடித்து டிரம்மில் ஊற்றினோம். முழுக்க எடுத்துவிடவில்லை. என்ஜினும் மனசு வருத்தப்படக் கூடாது என்று பாதியை அதற்கே விட்டோம். டிரம் நிறையாததால் மிச்சத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றி நிரப்பினோம்.

சாவியைத் திருப்பியதும் முள் செத்த இடத்திலிருந்து எழுந்து நீலத்தில் வந்து நின்றது. தீர்த்தகிரி மீட்டருக்குக் கற்பூரம் காட்டினான்.

கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே கிளம்பினோம். மாப்பிள்ளை பட்டு வேட்டியில் முன்சீட்டில், நாங்கள் பின்னால் அடுப்போடும் சின்னப் பாத்திரங்களோடும். மலை ஏறத் தொடங்கினோம். வண்டி முக்கியது, முனகியது. தீர்த்தகிரி ரோட்டைப் பார்த்ததைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தான். அது நீலத்தை விட்டு நகரவில்லை.

பாதி மலையில் வண்டியின் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக எழும்பி வந்து கண்ணாடியை மூடியது.

"ஏற்காட்டுப் பனி," என்றார் அர்த்தநாரி அண்ணன். "இதுக்காகவே காசு செலவு பண்ணிக்கிட்டு வர்றாங்க."

நாங்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பனியைத் தொட்டுப் பார்த்தோம். எனக்குக் கை சுட்டது. மலைப்பனி அப்படித்தான் இருக்கும் போல என்று இருந்துவிட்டேன். அடுத்த வளைவில் வண்டி ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது.

இறங்கிப் பார்த்தோம். முள் நீலத்தில் இருந்தது. "சூட்டினால நிக்கலை," என்றான் தீர்த்தகிரி. "சூடா இருந்தா முள்ளு சொல்லியிருக்கும்."

"அப்ப ஏன் நின்னுது?" என்றான் பொங்கியண்ணன்.

அர்த்தநாரி அண்ணன் பனியைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். "நீலம்னா என்ன? குளிர். நம்ம வண்டி கீழ்நாட்டு வண்டி, மலைக்குளிர் ஒத்துக்கலை. சளி புடிச்சிருக்கு. இருமிச்சே, கேக்கலையா?"

சளிக்கு என்ன கொடுப்போம்? வெந்நீர் கொடுப்போம். சமையல் அடுப்பு வண்டியிலேயே இருந்தது. டிரம்மை வயரோடு இறக்கி அடுப்பில் ஏற்றினோம். தண்ணீர் சூடாக ஆக முள் மெதுவாக எழுந்து பச்சைக்கு வந்தது. வைத்தியம் பிடித்துக்கொண்டது என்று எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. வெந்நீரை டீசல் டேங்கில் ஊற்றுவதா ரேடியேட்டரில் ஊற்றுவதா என்று அப்புறம் விவாதம் வந்தது. ரேடியேட்டர்தான் முகத்துப் பக்கம் இருக்கிறது, அதுதான் வாய் என்று நான் எடுத்துச் சொன்னேன். பேசி முடிப்பதற்குள் டிரம் தளதளவென்று கொதித்தது, பனியும் நின்றுபோயிருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து சொம்பு சொம்பாக ஊற்றினோம். கடகடவென்று குடித்தது. சாவியைத் திருப்பினால் வண்டி உடனே கிளம்பிவிட்டது.

டிரம்மைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். வண்டி அதுவரைக்கும் ஓடாத மாதிரி ஓடியது. மேலே மண்டபத்து நாதஸ்வரம் காதில் விழுந்தது. ஒரு வளைவுதான் பாக்கி. தீர்த்தகிரி சட்டென்று பிரேக் போட்டான்.

"முள்ளு சிவப்புல இருக்கு," என்றான்.

எட்டிப் பார்த்தோம். உச்சிச் சிவப்பில் இருந்தது. டிரம்முக்குள் தண்ணீர் இன்னும் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"வண்டி நல்லாத்தானே ஓடுது? போயிரலாம்டா," என்றான் பொங்கியண்ணன்.

"ஓடறது முக்கியமில்ல மாப்ள. உம்மாமனார் முள்ளைத்தான் பாக்கறேன்னாரு," என்றான் தீர்த்தகிரி.

"அப்ப நான் எறங்கி நடந்தே போயிடறேன்."

"நடந்து போனா அவரு எந்த முள்ளைப் பாப்பாரு?" என்று கேட்டார் அர்த்தநாரி அண்ணன்.

மேலே மேளம் வேகம் எடுத்தது. பொங்கியண்ணன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, "எனக்கு வேற எடம் அமையாது அண்ணா. டம்ளர் கழுவினதுக்குப் பொண்ணு குடுக்கறவங்க உலகத்துல இவங்க ஒருத்தர்தான்," என்று சொல்லி அழுதான். அவன் அழ ஒரு அண்டா கூட இல்லாத இடத்தில் இப்படி நிறுத்திவிட்டோமே என்று இருந்தது. கரியும் கண்ணீரும் சேர்ந்து அவன் முகம் அடுப்படித் துணி மாதிரி ஆகிவிட்டது.

"இந்த மூஞ்சியோட மணவறைக்குப் போக முடியாது," என்றேன். "முதல்ல குளி. வெந்நிதான் இருக்குதே."

வளைவில் ஒரு சின்ன ஓடைத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கொதிக்கிற தண்ணியை அப்படியே ஊற்ற முடியாதே, ஓடைத் தண்ணீரைக் கொண்டுவந்து டிரம்மிலேயே விளாவினோம். மாப்பிள்ளையைத் துண்டோடு ரோட்டில் நிறுத்தி ஆளுக்கு ஒரு சொம்பு ஊற்றினோம். உள்ளே இருந்து தீர்த்தகிரி கத்தினான்: "முள்ளு எறங்குது. நிறுத்தாதீங்க, இன்னும் ஊத்துங்க."

இன்னும் விளாவினோம், இன்னும் ஊற்றினோம். பொங்கியண்ணன் குளிக்கக் குளிக்க முள் இறங்கியது. அவன் தலை துவட்டும்போது பச்சைக்கு நடுவில் வந்து அசையாமல் நின்றது. இதை நாங்கள் நாலு பேரும் கண்ணால் பார்த்தோம். கோயிலில் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வோம்.

மண்டப வாசலில் மாதையன் நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காமல் நேராக மீட்டரைப் பார்த்தார். நாற்பது வருஷம் இந்த மலையில் ஓட்டியும் இவ்வளவு நிதானமான முள்ளைத் தான் பார்த்ததில்லை என்று சொல்லி மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சட்டை ஈரமானதையும் அவர் பொருட்படுத்தவில்லை. முகூர்த்தம் முடிய இருந்த நேரத்தில் தாலி ஏறியது. பந்தி முடிந்ததும் புது மாப்பிள்ளை எழுந்துபோய் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் முறையை மாற்றவில்லை. வண்டி எடுக்கும் முன் டயரில் காற்று, டேங்கில் டீசல், டிரம்மில் தண்ணீர், முன்சீட்டில் பொங்கியண்ணன், நாலையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம். முள் நீலத்தில் இறங்கி வண்டி இருமினால் அடுப்பை மூட்டுவோம், சிவப்புக்கு ஏறினால் அவனைக் குளிப்பாட்டுவோம். ஒரு நாளும் தப்பினதில்லை. போன வாரம் இந்திராணிதான் வந்து நின்றாள்.

"அண்ணா, எம்புருசனுக்கு வருசம் பூராச் சளி. இனிமே அவரைக் குளிப்பாட்டற வேலை வேண்டாம். வேற ஆளைப் பாத்துக்கோங்க," என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

நேராக கவுஸ் பாய் கடைக்குப் போனோம். பொங்கியண்ணனைத் தூக்கிக் கல்லாப்பெட்டி மேசைமேல் உட்காரவைத்தோம். "பழசைக் கொண்டாந்திருக்கோம் பாய்," என்றார் அர்த்தநாரி அண்ணன். "கழட்டித்தான் கொண்டாந்திருக்கோம். இதே கனத்துல புதுசு ஒண்ணு குடுங்க."

கவுஸ் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பொங்கியண்ணனை மேலும் கீழும் பார்த்தார். அவன் தும்மினான். "இந்த மாடல் இப்பக் கம்பெனியிலயே வர்றதில்லைங்க," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு பேரையும் முதுகோடு முதுகாக நிறுத்தினார். "இவரு சேருவாரு. ஆனா நான் எப்பவும் சொல்றதுதான். தானா போகோணும், கட்டாயப்படுத்தாதீங்க."

அதனால்தான் நான் இந்த ஓடைப் பக்கம் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வண்டி இருமியதற்கு அடுப்பை மூட்டினோம், அப்போதிருந்து முள் சிவப்பில் இருக்கிறது. டிரம் தண்ணீரோ கொதிக்கிறது, ஓடைத் தண்ணீரோ பனிக்கட்டி மாதிரி இருக்கிறது, எனக்குத் தானாகப் போகத் தோன்றவில்லை. கட்டாயப்படுத்தக் கூடாது என்பதால் அதோ அவர்கள் மூன்று பேரும் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் வேன் ரோட்டை மறித்து நிற்பதும், உங்கள் பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்பதும் எனக்கும் தெரிகிறது. ஹாரன் மட்டும் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், எனக்குக் கூச்சமாக இருக்கிறது.